சாணமா, சக்கையா, விறகா: முதலில் ஈரத்தைப் பாருங்கள்

தோட்டத்திலும் கண்மாயிலும் கிடைப்பதை எரிபொருளாக்கலாம் என்று பேச்சு எடுத்தால், உடனே வரும் கேள்வி "எத்தனை டன் தேறும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த டன்னில் தண்ணீர் எவ்வளவு என்பதை. பசுஞ்சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆலையில் பிழிந்து விழும் கரும்புச் சக்கையில் பாதி. இன்றைக்கு வெட்டிய மரத்திலும் ஏறக்குறையப் பாதி. நன்றாகக் காய்ந்த கடலைத் தொலியில் பத்தில் ஒரு பங்குதான். எதைப் புளிக்கவிடுவது, எதை அப்படியே எரிப்பது, எதைக் காயவைத்து எரிப்பது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

சாணத்தை வறட்டி தட்டிக் காயவைத்து எரிப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் வறட்டி அடுப்பில் எழும் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது சுமார் பத்தில் ஒரு பங்கு. எருவும் சேர்ந்து எரிந்துபோகிறது. அதே சாணம் கோபர் கேஸ் தொட்டிக்குள் போனால் எரிவாயுவும் கிடைக்கும், எருவும் மிஞ்சும். சாணத்தில் இருக்கும் தண்ணீர் இங்கே பகையில்லை. போதாதென்று இன்னும் சேர்க்கிறோம்.

ஒரு கிலோ பசுஞ்சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் எரிவாயு. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 2 கன மீட்டர், அதாவது 2,000 லிட்டர் போதும். அதற்கு 50 கிலோ சாணம் வேண்டும். கட்டுத்தறியிலேயே நிற்கும் மாடு நாளுக்குப் பத்து கிலோ போடும் என்றால் ஐந்து மாடு. மேய்ச்சலுக்குப் போகிற மாடாக இருந்தால் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். அப்போது எட்டு பத்து மாடு இருந்தாலும் இழுபறிதான். கோபர் கேஸ் கட்டியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. மாடுகளை எண்ணித் தொட்டியின் அளவை முடிவு செய்கிறார்கள். எண்ண வேண்டியது கூடையில் சேரும் சாணத்தை. ஒரு வாரம் தினமும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். பெரிய தொட்டிக்குக் குறைந்த தீனி போட்டால் அழுத்தம் ஏறாது, அடுப்பு சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

50 கிலோ சாணத்துக்கு 50 லிட்டர் தண்ணீர். கரைசல் மோர்க்குழம்புப் பதத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு அது 40 நாள் உள்ளே தங்கினால் போதும். ஆக 100 லிட்டரை நாற்பதால் பெருக்கினால், கரைசலுக்கு 4,000 லிட்டர் இடம் வேண்டும். எரிவாயு தங்கும் இடம் தனி. முதல் நிரப்பலுக்கு மட்டும் 2 டன் சாணம் தேவைப்படும். அதை அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்து ஒரு வாரத்துக்குள் சேர்ப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து நாலைந்து குடம் ஸ்லரி (புளித்து வெளிவரும் சாணக் கரைசல்) வாங்கி ஊற்றினால், தயிருக்கு உறை ஊற்றியதுபோல் வேலை சீக்கிரம் பிடிக்கும்.

கலவைத் தொட்டியில் கரைத்ததை உடனே திறந்துவிடக் கூடாது. வைக்கோல், தட்டைத் துணுக்குகளை அள்ளிப்போட்டு, மணல் அடியில் தங்கும்வரை கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் அடைப்பை எடுக்க வேண்டும். அடியில் நிற்கும் வண்டலை உள்ளே விடாமல் வாரி வெளியே கொட்டுங்கள். மண்தரைத் தொழுவத்துச் சாணத்தில் மண் கட்டாயம் கலந்திருக்கும். அது சில ஆண்டுகளில் தொட்டியின் அடியை மேடாக்கிவிடும். வைக்கோல் மேலே மிதந்து ஆடைபோல் கட்டி எரிவாயுவை மேலே வரவிடாது.

நம் பக்கம் கட்டப்படுவதில் முக்கியமானவை இரண்டு வகை. கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மிதக்கும் கலன் ஒன்று. இரும்புக் கலன் ஏறி இறங்குவதைப் பார்த்தே எரிவாயு எவ்வளவு என்று தெரியும். துருதான் தொல்லை, ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்க வேண்டும். இன்னொன்று 1984-இல் வந்த தீனபந்து. முழுக்கச் செங்கல், மண்ணுக்குள் புதைந்திருக்கும், துருப்பிடிக்க எதுவுமில்லை. ஆனால் கவிகையின் (மேலே வளைந்த கூரையின்) உட்பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் எரிவாயு கசிந்துவிடும். பூச்சு வேலையில் கூலியைக் குறைக்கப் பார்த்தவர்கள் பிறகு அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். கவிகைமேல் மண் போட்டு மூடுவதும் அழகுக்காக அல்ல, உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்க.

தொட்டியில் எரிவாயு இருந்தும் அடுப்பு "புக், புக்" என்று துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். சூடான எரிவாயு ஆவியோடு வந்து, இரவுக் குளிரில் குழாய்க்குள் சொட்டாக மாறிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் 100 அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டீ இணைப்பும் வடிகால் குழாயும் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்தால் அரை டம்ளர் கலங்கல் நீர் வரும். பல வீடுகளில் "கேஸ் வரலை" என்ற புகார் அந்த அரை டம்ளர்தான்.

அழுத்தம் இருக்கிறது, தண்ணீரும் இல்லை, ஆனால் தீ பிடிக்கவில்லை. கிட்டே போனால் புளித்த வாடை. இது வேறு நோய். பழைய சோறு, கஞ்சி, பலாச்சக்கை என்று ஒரே நாளில் கொட்டியிருப்பார்கள். அமிலம் ஏறி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சுருண்டுவிடும். தீனியை ஒரு வாரம் நிறுத்தி, நல்ல ஸ்லரி சில குடம் ஊற்றி, பிறகு பாதி அளவில் தொடங்கினால் தேறும். ஃபினாயில் போட்டுக் கழுவிய தண்ணீரும், மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணமும் சில நாள் உள்ளே போகக் கூடாது. எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. காலியாகத் தெரிகிற தொட்டிதான் ஆளைக் கொல்கிறது.

2 கன மீட்டர் எரிவாயு நாள்தோறும் கிடைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 26 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம்; சிலிண்டர் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இதையே ஜெனரேட்டரில் விட்டு மின்சாரம் எடுத்தால் நாளுக்கு மூன்று யூனிட் தேறலாம். எரிவாயுவில் உள்ள கந்தகம் எஞ்சினை அரித்துவிடும். என் கணக்கில் வீட்டளவுத் தொட்டிக்கு அது வீண் வேலை, சமைத்துவிடுங்கள்.

சக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலைகள் அதைக் கற்றுத் தேர்ந்துவிட்டன. ஒரு டன் கரும்புக்கு 300 கிலோ அளவில் சக்கை. பாதி ஈரமாக இருந்தும் எரிவதற்குக் காரணம் அதன் நார் மெல்லியது, கொதிகலனுக்குள் சூடேற்றிய காற்று அடிக்கிறது. ஆலைக்கு வேண்டிய ஆவி, மின்சாரம் போக மிச்சம் கிரிட்டுக்குப் போகிறது.

இனி விறகு. 10 டன் பச்சை மரம் லாரியில் வந்தால் அதில் 5 டன் தண்ணீர். அந்த விறகுக்குக் கிலோவுக்குச் சுமார் 2,000 கிலோ கலோரிதான், ஏனென்றால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்துவிட்டால் அதே மரம் ஆறேகால் டன் எடை நிற்கும், கிலோவுக்கு 3,500 வரை கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஆறேகால் டன் காய்ந்த விறகு, 10 டன் பச்சையைவிட அதிகச் சூடு தருகிறது. லாரி வாடகையும் குறைவு.

தென் மாவட்டங்களில் விறகு என்றால் சீமைக் கருவேலம். கண்மாயிலும் தரிசிலும் வெட்ட வெட்டத் தழைக்கும். அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்கினார்கள். தூர்க்கட்டையோடு ஒட்டிவரும் மண், கொதிகலனில் சாம்பலோடு உருகிக் கட்டியாகும்; தட்டியெடுக்கக் கொதிகலனை நிறுத்த வேண்டிவரும். தூரை வெயிலில் போட்டு, மண் வெடித்து உதிர்ந்தபின் அடித்துத் தட்டி ஏற்றுவது கூலி பிடிக்கும் வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. தென்னை மட்டை, வைக்கோல் ஆகியவற்றில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அவையும் இதே கட்டியை உண்டாக்கும். அதனால் அவற்றை விறகோடு சிறு பங்காகக் கலந்துதான் போடுவார்கள்.

ராமநாதபுரம் பக்கம் இதே மரத்தைக் கரி மூட்டம் போடுகிறார்கள். கனத்த கட்டைகள் நடுவில், மெல்லியவை ஓரத்தில் என்று அடுக்கி, தழை பரப்பி, ஈரமண் பூசி, தீ வைத்து அங்கங்கே துளை விடுவார்கள். புகைதான் கடிகாரம். முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை. அது மரத்தின் ஈரம். பிறகு மஞ்சள் கலந்து கண் எரியும். மெல்லிய நீலம் ஆனதும் அந்தப் பக்கத்துத் துளையை அடைத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் கரி சாம்பலாகும். ஆறாமல் பிரித்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும். 10 டன் மரத்துக்கு இரண்டு, இரண்டரை டன் கரி. மரத்தில் இருந்த சூட்டில் பாதிக்குமேல் புகையாகப் போய்விட்டது. இருந்தும் மூட்டம் நடக்கிறது, ஏனென்றால் மிச்சமிருப்பது எடை குறைந்த, கெடாத, தொலைதூரம் போகக்கூடிய சரக்கு.

10 மெகாவாட் விறகு மின்நிலையம் ஒன்றுக்கு நாளுக்கு 300 டன் வேண்டும். கடலோர மாவட்டங்களில் சவுக்குத் தோப்பு நிறைய இருக்கிறதே என்பார்கள். நல்ல கழியைக் காகித ஆலையும் கட்டுமானக்காரரும் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். எரிக்க மிஞ்சுவது மிளாரும் தூரும். அதனால் இத்தகைய நிலையம் ஒரே சரக்கை நம்பி ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் விறகெல்லாம் நனைந்தே வரும். சித்திரை, வைகாசியில் வாங்கி, அடியில் கட்டை கொடுத்து, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு அடுக்கிவைத்தவருக்கு மார்கழிவரை கவலை இல்லை. விற்பவரிடம் எடைக்குப் பேசாமல் காய்ந்த எடைக்குப் பேசுங்கள். லோடில் நாலைந்து இடத்தில் கட்டையின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து, சீவி, ஒரு கிலோ நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை வையுங்கள். 800 கிராம் மிஞ்சினால் வாங்கலாம். கையடக்க ஈரமானி வெளித்தோலின் ஈரத்தைத்தான் சொல்லும். அதைக் காட்டி விலை பேச வந்தால் கட்டையைப் பிளந்து உள்ளே குத்திக் காட்டச் சொல்லுங்கள்.