ஹாட் சீட் வரை போய் வந்த அனுபவம்

டிவி கேம் ஷோவில் கலந்துகொண்டவர் என்று தெரிந்தாலே முதலில் வரும் கேள்வி, "என்னென்ன புத்தகம் படிச்சீங்க?" என்பதுதான். பொது அறிவுப் புத்தகங்களை நானும் புரட்டினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உண்மையில் கைகொடுத்தது வேறு. அதே நிகழ்ச்சி மற்ற நாடுகளில் எப்படி நடக்கிறது, அங்கே ஜெயித்தவர்கள் எப்படி விளையாடினார்கள், தோற்றவர்கள் எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று விடாமல் பார்த்ததுதான் என்னை ஹாட் சீட்டில், அதாவது தொகுப்பாளருக்கு எதிரே இருக்கும் போட்டியாளர் நாற்காலியில், கொண்டுபோய் உட்கார வைத்தது. முயற்சி செய்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். எந்தச் சேனல், எந்த சீசன் என்ற விவரம் வேண்டாம். நாலு விடையில் சரியானதைச் சொல்லச் சொல்லப் பரிசுத் தொகை ஏறும் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' குடும்பத்தில் வந்த ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் போனாலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவி சேனலில் கிறிஸ் டாரன்ட் நடத்த, முதல் எபிசோட் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரீஜிஸ் ஃபில்பின். 2000 ஜூலையில் இந்தியில் அமிதாப் பச்சன். தமிழில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்', அப்புறம் சூர்யா தொடங்கிவைத்த 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', ராதிகாவின் 'கோடீஸ்வரி'. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. உரிமையை வாங்குகிறவர்கள் பெயரை மட்டும் வாங்குவதில்லை. விளக்கு எப்போது மங்க வேண்டும், இசை எங்கே வர வேண்டும், நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த கையேட்டையும் சேர்த்தே வாங்குகிறார்கள். டிவி ஆட்கள் அதை 'பைபிள்' என்றே சொல்வார்கள். தொகை ஏற ஏறப் பின்னணி இசையின் சுருதியும் கேள்விக்குக் கேள்வி அரைச் சுரம் ஏறும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கே படபடப்பு வருவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். எலும்புக்கூடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்பதால், வெளிநாட்டு எபிசோட் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு மாதிரித் தேர்வு.

முதல் படி பதிவு. டிவியில் ஒரு கேள்வி போடுவார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். கேள்வி மிகச் சுலபம். சரியாகச் சொன்னவர்கள் ஏராளம் இருப்பார்கள் என்பதால் கம்ப்யூட்டர் குலுக்கலில்தான் பெயர் வரும். இங்கே அதிர்ஷ்டம் தவிர ஒன்றும் இல்லை. தினமும் கேட்கும் கேள்விக்குத் தினமும் பதில் அனுப்புங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது போன். எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையெல்லாம் எடுக்கிற பழக்கம் வேண்டும். என்னிடம் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள். கடைசியில் விடையை எண்ணாகச் சொல்ல வேண்டிய ஒன்று. உண்மையான விடைக்கு யார் அருகில் வருகிறார்களோ அவர்களுக்கு வாய்ப்பு. சரியான எண் தெரியாவிட்டாலும், இதற்குக் குறைவாக இருக்க முடியாது, இதற்கு மேலும் போகாது என்று இரண்டு எல்லை போட்டு நடுவில் ஒன்றைச் சொல்லலாம். எனக்கு அது பலித்தது.

அதற்குப் பிறகு நேர்முகம். எழுத்துத் தேர்வு ஒன்று வைப்பார்கள், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேகமாக எழுதிவிட்டு வர வேண்டும். முக்கியமானது அதன்பின் கேமரா முன்னால் நடக்கும் பேச்சு. நீண்ட விண்ணப்பம் ஒன்று தருவார்கள். வாழ்க்கையில் மறக்க முடியாத நாள், பரிசு கிடைத்தால் என்ன செய்வீர்கள், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி இருக்கும். அதை அவசரமாக நிரப்பாதீர்கள். தொகுப்பாளர் உங்களிடம் பேசப்போவது முழுக்க அந்தக் காகிதத்திலிருந்துதான் வரும். "குடும்பத்துக்குச் செலவு செய்வேன்" என்று எழுதினால் அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. எந்தக் குடும்பம், எந்தச் செலவு, ஏன் இதுவரை முடியவில்லை என்று எழுதுங்கள். உண்மையை எழுதினால் போதும், ஜோடிக்க வேண்டாம். மேடைப் பேச்சாளர் போலப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி ரூபாய் வென்ற கௌசல்யா கார்த்திகா செவித்திறன், பேச்சுத்திறன் குறைபாடு உள்ளவர். அந்த எபிசோடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கவனமும் நிதானமும் இருந்தால் வேறெதுவும் தடை இல்லை.

படப்பிடிப்புக்கு அழைப்பு வந்ததும் உடை பற்றிச் சொல்வார்கள். நெருக்கமான கோடு, சின்னச் சின்னக் கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியும். பளீர் வெள்ளை ஆகாது, கம்பெனிப் பெயர் போட்டது கூடாது. ஒரே எபிசோடில் உங்கள் ஆட்டம் முடியாமல் அடுத்ததற்குப் போனால் அதே உடையில்தான் உட்கார வேண்டும் என்பதால், கசங்காத துணியாகப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஓய்வறைக்குப் போனாலும் ஒருவர் கூடவே வருவார். கேள்வி தயாரிக்கும் குழுவை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. என்னோடு வந்த சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. எனக்கு மரியாதைதான் வந்தது, ஏனென்றால் இதன் வரலாறு தெரியும். 1950களில் அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்து ஜெயிக்க வைத்தார்கள். நாடே கொண்டாடிய சார்லஸ் வான் டோரன், 1959இல் நாடாளுமன்றக் குழு முன்னால் அதை ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் வினாடி வினாவில் மோசடி செய்வது அங்கே சட்டப்படி குற்றமானது. 2001இல் பிரிட்டனில் சார்லஸ் இங்கிரம் என்ற ராணுவ மேஜர், சரியான விடை வரும்போது கூட்டத்தில் ஒருவர் இருமி சைகை காட்ட, பத்து லட்சம் பவுண்டை எட்டினார். பணம் தரப்படவில்லை. 2003இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இவ்வளவு நடந்த பிறகு காவல் போடாமல் எப்படி இருப்பார்கள்?

செட் டிவியில் தெரிவதைவிடச் சின்னது, குளிரோ அதிகம். ஹாட் சீட்டுக்குப் போவது யார் என்பது 'ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர்' சுற்றில் முடிவாகும்: நாலு விடைகளையும் கேட்ட வரிசையில் யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு இடம். அதற்கான பலகையைப் பழக ஒத்திகை தருவார்கள். பொத்தான் எவ்வளவு அழுத்தினால் பதிகிறது என்பதை அங்கேயே விரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். நான் வீட்டில் செய்த பயிற்சி இதுதான்: வெளிநாட்டு எபிசோடுகளில் ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர் கேள்வி வரும்போது, நாலு விரலை மேஜைமேல் வைத்துக்கொண்டு திரையில் இருப்பவர்களோடு சேர்ந்து தட்டுவேன். அதில் ஒன்று பிடிபட்டது. முழு வரிசையையும் மனதில் அடுக்கிவிட்டு அழுத்த ஆரம்பிப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள். முதல் விடை தெரிந்த கணமே அழுத்த வேண்டும். விரல் போகும்போதே கண் இரண்டாவதைத் தேட வேண்டும். மூன்று தெரிந்தால் நான்காவது தானாக விழும்.

எங்களுக்கு வந்தது கோள்கள். சூரியனிலிருந்து உள்ள தூரப்படி வரிசைப்படுத்த வேண்டும். ஏ சனி, பி வெள்ளி, சி நெப்டியூன், டி செவ்வாய். வெள்ளி கண்ணில் பட்டதும் பி போய்விட்டது. டி. அடுத்து ஏ, சி இரண்டும் ஒரே மூச்சில். கை ஓய்ந்த பிறகும் மற்றவர்கள் அழுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர்கள் திரையில் வந்தபோது என் பெயர் மேலே பச்சையில் இருந்தது.

ஹாட் சீட் உயரமானது, ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் சரியாகப் படாது. முதலில் காலை நாற்காலியின் கம்பியில் ஊன்றிக்கொள்ளுங்கள், பாதி நடுக்கம் போய்விடும். "லாக் பண்ணலாமா?" (இதையே இறுதி விடையாக எடுத்துக்கொள்ளலாமா?) என்று கேட்டுவிட்டுத் தொகுப்பாளர் எடுக்கும் இடைவெளி டிவியில் வருவதைவிட நீளம். ஜப்பானியப் பதிப்பை நடத்திய மினோ மோன்டா இந்த மௌனத்துக்கே பேர்போனவர். அவர் போட்டியாளரை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் காட்சிகளைப் பார்த்துப் பழகியிருந்ததால், அந்த மௌனத்தை விடை தப்பு என்பதன் அறிகுறியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. விடை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் அதே பார்வைதான்.

லைஃப்லைன் என்பது விடை தெரியாதபோது பார்வையாளர்களைக் கேட்பது, நண்பருக்கு போன் போடுவது போன்ற உதவி. அந்த விஷயத்தில் தெளிவாகப் போயிருந்தேன். அமெரிக்கப் பதிப்பில் பார்வையாளர்கள் சொன்ன விடை நூற்றுக்கு 91 தடவை சரியாக இருந்திருக்கிறது. போனில் கூப்பிட்ட நண்பர்கள் சுமார் 65 தடவைதான். ஆனால் அந்த 91க்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. பார்வையாளர்களைப் பெரும்பாலும் ஆரம்பக் கேள்விகளுக்குத்தான் கேட்கிறார்கள், அவை பலருக்கும் தெரிந்தவை. எல்லாக் கூட்டத்தையும் நம்பவும் முடியாது. பிரெஞ்சுப் பதிப்பில் ஒருவருக்குப் பூமியைச் சுற்றிவருவது எது என்ற கேள்வி வந்தது. அவர் பார்வையாளர்களைக் கேட்க, 56 சதவீதம் பேர் சூரியன் என்று அழுத்தினார்கள். அவரும் சூரியனையே லாக் செய்து வெளியேறினார். அதனால் சினிமா, விளையாட்டு மாதிரியான கேள்விக்கு மட்டும் பார்வையாளர்கள், படிப்பு சம்பந்தப்பட்டதற்கு போன் என்று முன்பே பிரித்து வைத்திருந்தேன். அப்படியே பயன்படுத்தினேன், இரண்டும் சரியாக வந்தன.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். இதை நம் ஆட்கள் அதிகம் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். 2000ஆம் ஆண்டின் இந்திப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். 3,20,000 ரூபாய் பாதுகாப்பான தொகை. அடுத்தது 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி. 6,40,000க்கான கேள்விக்குத் தப்பாகச் சொன்னாலும் 3,20,000 கையில் நிற்கும். ஆக, விடை தெரியாவிட்டாலும் அங்கே எதையாவது சொல்லிவிட வேண்டும். அதைத் தாண்டி 6,40,000 வைத்திருக்கும்போது இரண்டு விடைக்கு நடுவில் சந்தேகம் என்றால், துணிந்து ஆடுவதன் சராசரி மதிப்பு 7,85,000 (சரியானால் 12,50,000, தப்பானால் 3,20,000, இரண்டையும் கூட்டிப் பாதி). கையில் இருப்பதைவிட அதிகம், ஆடலாம். நாலு விடையிலும் ஒன்றும் புரியவில்லை என்றால், சரியாக வர நாலில் ஒரு வாய்ப்புதான் என்பதால், அது 5,52,500. எழுந்துவிட வேண்டும். 50 லட்சத்தில் இரண்டு விடைச் சந்தேகம் என்றால் 51,60,000. வாழ்க்கையையே மாற்றும் பணத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை லட்சம் சராசரி லாபத்துக்கு யார் ஆடுவார்கள்? பிரிட்டனின் பழைய பரிசுத் தொகை ஏணியில் 5,00,000 பவுண்டில் நின்று கணக்குப் போட்டாலும் 5,16,000 வருகிறது, அதே விகிதம். உங்கள் நிகழ்ச்சியின் ஏணியை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் இந்த இரண்டு எண்ணையும் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். சீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழிக்க முடியாது.

'டீல் ஆர் நோ டீல்' பார்த்ததும் இதற்கு உதவியது. நெதர்லாந்தில் பிறந்து, தமிழில் ரிஷி நடத்திய 'டீலா நோ டீலா'வாக வந்ததே, அதுதான். தொகை ஒளிந்திருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே, இடையில் தரும் தொகையை வாங்கிக்கொண்டு நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் ஆட்டம். நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாட்டுப் போட்டியாளர்களையும் வைத்துப் பொருளாதார அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரிய தொகைப் பெட்டிகளை இழந்தவர்கள் அதன் பிறகு வழக்கத்தைவிட அதிகமாகத் துணிகிறார்கள், எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனவர்களும் அப்படியே என்று அதில் சொல்லியிருந்தார்கள். மனது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கை நீளும். எழுதிவைத்த எண் அதற்குத்தான் தேவை.

என் ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. லைஃப்லைன் எதுவும் மீதியில்லை, நாலு விடையில் ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை. நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். "சும்மா ஒண்ணு சொல்லுங்க" என்று தொகுப்பாளர் கேட்க, மனதில் பட்டதைச் சொன்னேன். அது சரியான விடையாக இருந்தது. கூட்டம் 'அடடா' என்றது. எனக்கு அப்போதும் இப்போதும் கவலை இல்லை. அது தெரிந்து சொன்னது இல்லை, நாலில் ஒன்று.

பணம் அன்றைக்கே வராது. செக்கைப் பிடித்துப் படம் எடுப்பார்கள், எபிசோட் ஒளிபரப்பான பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முடிவை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருப்போம், அதைக் காப்பாற்றுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் இழுத்தடிக்கும். வரி நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் பரிசுப் பணத்துக்கு வரி இல்லை. அமெரிக்காவில் அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். இந்தியாவில் 30 சதவீதம், அதைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று கேட்டால், இரண்டு எபிசோடுகள் சொல்வேன். ஒன்று, 1999 நவம்பரில் அமெரிக்காவில் ஜான் கார்பென்டர் ஜெயித்தது. கடைசிக் கேள்வியில்தான் முதல் லைஃப்லைனை எடுத்தார். அதுவும் அப்பாவுக்கு போன் போட்டு, உங்கள் உதவி வேண்டாம், ஜெயிக்கப்போகிறேன் என்று சொல்வதற்கு. இன்னொன்று, 2000 நவம்பரில் பிரிட்டனின் முதல் வெற்றியாளரான ஜூடித் கெப்பல். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி என்பதுதான் அவருடைய கடைசி விடை. இவருடையதை ஒவ்வொரு கேள்வியிலும் நிறுத்தி, இந்தப் படியில் நான் ஆடியிருப்பேனா, எழுந்திருப்பேனா என்று எழுதிவைத்துவிட்டு மேலே ஓட்டுங்கள்.