ஆயிரத்தில் ஒரு டிகிரி

ஜூன் 3

முதல் ஆய்வக வகுப்பு. கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியைப் போட்டதுமே டிக்... டிக்டிக்... டிக் என்று ஆரம்பித்துவிட்டது. மேசைமேல் கதிர்மூலம் எதுவும் இல்லை. மண்ணிலிருந்தும் காற்றிலுள்ள ரேடான் வாயுவிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சுதான். நிமிடக் கணக்கு: 19, 26, 17, 22, 31. கருவி கோளாறோ என்று மேடத்திடம் கேட்டேன். "சிதைவு அப்படித்தான்மா வரும், இன்னும் எண்ணு" என்றார். ஓர் அணு எப்போது சிதையும், அதாவது கதிரை விட்டு வேறொன்றாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் ஒழுங்கு தெரிகிறது. 100 எண்ணினால் ஏறத்தாழ 10 கூடலாம், குறையலாம். 10,000 எண்ணினால் 100. எல்லாம் வர்க்கமூலம் செய்யும் வேலை.

ஜூன் 5

இன்று கதிர்மூலமாகச் சீசியம்-137 வில்லை. தூரத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணிக்கை கால்வாசிக்கு அருகில் இறங்குகிறது. 'சீசியத்தின் காமா' என்று எல்லோரும் சொல்லும் அந்த 0.662 மெகா எலக்ட்ரான் வோல்ட் (6,62,000 எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள கதிர் உண்மையில் சீசியத்துடையது அல்ல. சீசியம் பீட்டாவை, அதாவது வேகமான ஓர் எலக்ட்ரானை, விட்டு பேரியமாகிறது. கூடுதல் ஆற்றலோடு கிளர்ந்த நிலையில் இருக்கும் அந்தப் பேரியம்தான் காமாவை வெளியிடுகிறது.

ஜூன் 9

இன்று ஒரு கணக்கை மூன்று முறை போட்டேன். உடல் வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் கிரே என்ற அலகு, கிலோவுக்கு ஒரு ஜூல். உடல் முழுவதும் ஒரே மூச்சில் சுமார் 4 கிரே வாங்கினால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். அப்படியானால் உயிரைப் பறிக்கும் அந்த ஆற்றல் உடம்பைச் சூடாக்குவது ஆயிரத்தில் ஒரு டிகிரி!

வெப்பம் எல்லா மூலக்கூறுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோகிறது. கதிர்வீச்சு அப்படிப் பகிர்வதில்லை. ஒரு வேதிப்பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். காமாவின் ஒரே ஓர் ஆற்றல் பொட்டலமான ஃபோட்டானிடம் லட்சக்கணக்கில் இருக்கிறது. அது தட்டிவிடும் எலக்ட்ரான் போகிற வழியெல்லாம் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி அயனிகளாக்கிக்கொண்டே போகிறது. நீர் மூலக்கூறு உடைந்து வரும் ஹைட்ராக்சில் என்ற துண்டு டிஎன்ஏவைத் தாக்குகிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று அறுந்தால் செல் ஒட்டவைத்துவிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அறுந்தால்தான் ஆபத்து. 'அயனியாக்கும்' என்ற அடைமொழி எதற்கு என்று இன்றுதான் உறைத்தது.

ஜூன் 10

தூக்கம் வரவில்லை. பெரியவர் ஒருவர் உடம்புக்குள் விநாடிக்குச் இயல்பாகவே கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 அணுக்கள் சுமார் 4,000 சிதைகின்றனவாம். அளவு தெரியாமல் பயப்படவும் கூடாது, அலட்சியமும் கூடாது.

ஜூன் 17

அணு உலைப் பாடம். யுரேனியம்-235 பிளந்ததும் வெளிவரும் நியூட்ரான்களில் 0.65 சதவீதம் மட்டும் பிந்தி வருகின்றன. புரோமின்-87 போன்ற பிளவுத் துண்டுகள், 55 விநாடி அரை ஆயுளோடு (பாதி சிதைய ஆகும் நேரம்), நின்று நிதானித்துத் தருபவை. இவை இல்லாவிட்டால்? ஒரு பிளவில் வந்த நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளப்பது ஒரு தலைமுறை; அதற்கு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, தலைமுறைக்குப் பெருக்கம் 1.001 மடங்கு என்று வைத்துப் பார்த்தேன்: ஒரே விநாடியில் சுமார் 22,000 மடங்கு. எந்தக் கை நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டை அதற்குள் இறக்கும்? அந்தச் சொற்பப் பங்கு இருப்பதால் விநாடிக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் ஏறுகிறது. இந்தப் பக்கத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன், அலுக்கவில்லை.

ஜூன் 19

நாளை ஆய்வகம் காலையிலிருந்து காலி, மேடம் அனுமதி கொடுத்துவிட்டார். பின்னணியையே 10,000 வரை எண்ணப் போகிறேன். நிமிடத்துக்கு 23 என்றால் ஏழே கால் மணி நேரம்.