நரம்பா, உப்பா?

பிப்ரவரி 9, ஞாயிறு

27-ஆவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. தோலுக்கடியில் எலி ஓடுவதுபோலச் சதை துடித்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து, கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்த பிறகுதான் விட்டது. கூட ஓடியவர்கள் "உப்பு குறைந்திருக்கும்" என்று ஆளுக்கொரு பொட்டலம் நீட்டினார்கள். இளநீர்க்காரர் மட்டும், "நரம்பு சுண்டி இழுத்திருக்கிறது, தம்பி" என்றார். 12 ஆண்டுகளாக ஆய்வகத்தில் சோடியமும் பொட்டாசியமும் அளக்கிறவன் நான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றைக்கு ரத்தம் பார்த்து என்ன பயன்? சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாகிவிட்டது. சிறுநீரகம் எல்லாவற்றையும் சரிக்கட்டியிருக்கும். பிடித்திருக்கும்போதே எடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் அக்காவிடம் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமையும் ஊசியா?" என்று கடிந்துகொண்டவர், பொங்கல் வடைக்கு இசைந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

28-இல் பிடித்தது. அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். வியர்வையில் பிளாஸ்திரி கையில் ஒட்டவே இல்லை. குழாய்களை ஐஸில் வைக்கவில்லை. குளிரில் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும்.

சுழற்றி எடுத்தால் முதல் குழாயின் சீரம், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர், ரோஸ்மில்க் நிறம். பொட்டாசியம் 6.2! நம்பியிருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பேன். ஊசி இழுத்த வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது. இரண்டாவது குழாய் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. சோடியம் 141, பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.4, மக்னீசியம் 2.0. குறை சொல்ல ஒன்றுமில்லை. தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதியான சிகே மட்டும் கூடுதல், 610. நெடுந்தூரம் ஓடினால் பிடிப்பு வராதவனுக்கும் அது ஏறும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரே ஆளின் ஒரே குழாயை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று இரவெல்லாம் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ரத்தம் எடுத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. பிடிப்பு வந்தவர்களின் சராசரி சோடியம் 139.8, வராதவர்களுக்கு 142.3. வித்தியாசம் உண்டுதான், ஆனால் இரண்டுமே இயல்பான அளவுக்குள், 135-க்கும் 145-க்கும் நடுவில்.

அவர்கள் கை காட்டுவது நரம்பை. களைத்த தசையிலிருந்து "சுருங்கு" என்ற தூண்டல் கூடுகிறது. தசையை எலும்போடு கட்டும் தசைநாணிலிருந்து வரும் "போதும்" குறைகிறது. தண்டுவடத்து நரம்பணு விடாமல் ஏவிக்கொண்டே இருக்கிறது. விரலை இழுத்தால் தசைநாண் விறைத்து, "போதும்" மறுபடி போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த சோதனையில், மின்தூண்டலால் கால்விரல் தசையில் பிடிப்பை வரவழைத்து வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் விட்டது. ஐந்து நிமிடம் கழித்தும் ரத்தத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. வயிற்றைத் தாண்டும் முன்பே வேலை முடிந்திருக்கிறது. தொண்டையில் பட்ட புளிப்புதான் நரம்பை அடக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

சோடியம் நிஜமாகவே இறங்குவதும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு 135-ஐத் தாண்டவில்லை. பெரும்பாலும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்த வினை. பிடித்துக்கொண்டவன் வாயில் பாட்டில் பாட்டிலாகச் சரிப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெதுவாகத் தொடங்கினேன். 28 தாண்டியது; 31-இல் வலது கால். பொட்டலத்தைத் தொடாமல் விரலை இழுத்துப் பிடித்தேன். இளநீர்க்காரரிடம் ரத்த முடிவைச் சொன்னேன்.

"இதற்கா ஊசி குத்திக்கொண்டீர்கள்?" என்றார்.