மூளையுறைத் தமனியில் சிஜிஆர்பி: ஒரு வளையத்துக்கு ஒரே வளைவு

மண்டையோட்டைத் திறந்து செய்யும் சில அறுவைச் சிகிச்சைகளில் மூளையுறையின் நடுத்தமனியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டப்படும். நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால் அதை ஆய்வுக்குப் பெறலாம். இரத்தக் குழாயைத் தளர்த்தும் சிஜிஆர்பி என்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) இந்தத் தமனியை எவ்வளவு தளர்த்துகிறது என்று அளப்பதே இங்கு நோக்கம். கிடைப்பது அரிது என்பதால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முன்கூட்டியே கணக்கு வேண்டும்.

குளிர்ந்த பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கொண்டுவந்து, முடிந்தால் அன்றே தொடங்கிவிடுகிறோம். மின்சூட்டுக் கருவி பட்ட முனைகள் வெளிறி, விறைத்து, இடுக்கியால் தொட்டால் அசையாமல் நிற்கும். தயங்காமல் அவற்றை வெட்டி எறிய வேண்டும். மீதியை 1 முதல் 2 மில்லிமீட்டர் நீள வளையங்களாக நறுக்கி, 40 மைக்ரான் கம்பிகள் இரண்டை உள்ளே நுழைத்து இழுவிசையை அளக்கும் வயர் மயோகிராஃபில் மாட்டுகிறோம். கம்பி உட்சுவரை உரசினால் எண்டோதீலியம் என்ற உட்புறச் செல் அடுக்கு போய்விடும்.

பஃபர் 37 டிகிரியில், 95 சதவீத ஆக்ஸிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் குமிழியிட, பிஎச் 7.4-இல் இருக்க வேண்டும். வாயுவை ஓடவிட்ட பிறகே கால்சியம் குளோரைடைச் சேர்க்கவும். முந்தினால் கரைசல் கலங்கி அடியில் வெள்ளையாகப் படியும்.

முதலில் 60 மில்லிமோலார் பொட்டாசியம் கொடுத்துத் தசை சுருங்குகிறதா என்று பார்ப்போம். இந்தக் கரைசலில் பொட்டாசியம் கூடிய அளவுக்குச் சோடியத்தைக் குறைத்திருக்க வேண்டும். இல்லையேல் சவ்வூடு அழுத்தம் மாறி அதுவே ஒரு விளைவைக் காட்டும். அடுத்து, யூ46619 என்ற சுருக்கும் மருந்து கொண்டு பொட்டாசியச் சுருக்கத்தில் முக்கால் பங்கு அளவுக்குச் சுருக்கி, சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடு ஒரு துளி. தளர்ந்தால் எண்டோதீலியம் உயிரோடு இருக்கிறது, ஏனெனில் சப்ஸ்டன்ஸ் பி அங்குள்ள என்கே1 ரிசப்டர் (ஏற்பி) வழியாக நைட்ரிக் ஆக்சைடை விடுவித்தே வேலை செய்கிறது. தளராவிட்டாலும் வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சிஜிஆர்பி இந்தத் தமனியின் மழமழப்புத் தசையில் நேரடியாகவே இயங்கி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தித் தளர்த்துகிறது. அதற்கு எண்டோதீலியம் தேவையில்லை.

பலர் சறுக்குவது பெப்டைடுக் கரைசலில். மனித ஆல்ஃபா சிஜிஆர்பி 37 அமினோ அமிலங்கள் கொண்டது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 3789. 1 மில்லிகிராமை 2.64 மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மைக்ரோமோலார் என்று தாளில் வரும். ஆனால் புட்டியில் இருப்பது முழுக்கப் பெப்டைடு அல்ல, உப்பும் ஈரமும் சேர்ந்தது. சான்றிதழில் நிகரப் பெப்டைடு 80 சதவீதம் என்றிருந்தால் 2.11 மில்லிலிட்டரே சரி. நீர்த்த கரைசலில் பெப்டைடு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 0.1 சதவீத அல்புமின் சேர்த்து, ஒட்டாத வகைக் குழாய்களையே பயன்படுத்துகிறோம். சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒரு முறை உருக்கியதை மீண்டும் உறைய வைப்பதில்லை.

வளைவு என்பது அளவைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தளர்வை அளந்து வரைவது. அளவை ஏற்றும்போது முன்பு போட்டதைக் கழிக்க வேண்டும். வளையம் இருக்கும் 5 மில்லிலிட்டர் குளியலில் 100 நானோமோலார் கரைசல் 5 மைக்ரோலிட்டர் விட்டால் 0.1 நானோமோலார். அதை 0.3 ஆக்க இன்னும் 10 மைக்ரோலிட்டர் போதும், 15 அல்ல. ஒவ்வொரு படியிலும் இழுவிசைக் கோடு சமநிலைக்கு வரும்வரை காத்திருக்கவும்.

மிக முக்கியமானது: ஒரு வளையத்தில் சிஜிஆர்பிக்கு ஒரு வளைவுக்கு மேல் எடுக்கக் கூடாது. ரிசப்டர் மந்தமாகி இரண்டாவது வளைவு தாழ்ந்து வரும். அதைத் தடுப்பானின் வேலை என்று எழுதிவிட்டால் முழு முடிவும் பொய். ஆகவே சிஜிஆர்பி ரிசப்டரைத் தடுக்கும் ஓல்செகெபன்ட் ஒரு வளையத்தில், வெறும் கரைப்பான் பக்கத்து வளையத்தில், அதே தமனியிலிருந்து. மூன்றாவது வளையத்தில் யூ46619 மட்டும். சுருக்கம் தானாகவே எவ்வளவு இறங்குகிறது என்பதை அதுதான் சொல்லும்.

சிஜிஆர்பிக்குத் தளர்வே வரவில்லையா? கடைசியில் ஃபார்ஸ்கோலின் கொடுங்கள். அது சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் அடினைலைல் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டும். அதற்குத் தளர்ந்தால் தசை நலம். கோளாறு பெப்டைடிலோ ரிசப்டரிலோ. அதற்கும் அசையாத வளையத்தின் அளவீடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பரிவு நரம்புகள் விடுவிக்கும் நியூரோபெப்டைடு ஒய் சுருக்கும் பெப்டைடு. அதை முன்சுருக்கம் இல்லாத, ஓய்வு நிலையில் உள்ள வேறொரு வளையத்தில்தான் சோதிக்க வேண்டும்.