கேஸ் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப்: இங்கிலாந்து வீட்டில் காசுக் கணக்கு

இங்கிலாந்தில் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மானியத்தைத்தான். காற்றிலிருந்து சூடு எடுக்கும் பம்ப்புக்கு 7,500 பவுண்டு. 2027 மார்ச் வரை வாட் வரியும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வருகிற பில் ஏறுமா இறங்குமா என்பது வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு சூடு, கேஸ் மீட்டர் வீட்டில் நிற்கிறதா.

வருஷத்துக்கு 12,000 யூனிட் கேஸ் எரிக்கிற வீடு, பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வருவது 10,200 யூனிட் சூடு. கேஸ் யூனிட் 6 பென்ஸ், மின்சாரம் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கேஸுக்கு 720 பவுண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் சூடு தரும் பம்ப் என்றால் 850, கையைக் கடிக்கும். 3.5 தந்தால் 729. 4 தந்தால் 638. தண்ணீர்ச் சூடு குறையக் குறைய இந்த எண் ஏறும்.

கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டால் தினமும் 30 பென்ஸ் அளவில் போகிற நிலைக் கட்டணம், வருஷத்துக்கு 110 பவுண்டு, மிச்சம். அப்போது 3.1 வந்தாலே சரிக்குச் சரி. லண்டன் தமிழ் வீடுகளில் இங்கேதான் இடிக்கும். அடுப்புக்காக மட்டும் மீட்டரை வைத்திருந்தால் அந்த 110 பவுண்டும் தோசைச் செலவு! தட்டையான இரும்புக் கல் இண்டக்‌ஷனில் நன்றாகவே வேலை செய்யும். சாதா அலுமினிய குக்கரும் அடி வளைந்த இரும்புச் சட்டியும்தான் போக வேண்டியவை.

வேலையைத் தொடங்கும் முன் நாங்கள் பார்க்கச் சொல்வது மின் இணைப்பை. பக்கத்து வீட்டோடு ஒரே கேபிளைப் பகிரும் பழைய வீடுகள் நிறைய உண்டு. அதைப் பிரித்துத் தர வேண்டியது அந்தப் பகுதியின் மின் விநியோக நிறுவனம். மற்ற எல்லாம் தயாரான பிறகு கேட்டால் அதற்காகவே காத்திருக்க நேரும்.

பிறகு எம்சிஎஸ் சான்று (ஹீட் பம்ப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்று) பெற்றவர்களிடம் மூன்று மதிப்பீடுகள். அறை அறையாக அளந்து வெப்ப இழப்பைக் கணக்கிடாமல், “இப்போது 24 கிலோவாட் பாய்லர்தானே?” என்று விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். அந்த 24 குளியல் தண்ணீருக்காக வைத்தது. மேலே சொன்ன வீட்டுக்குக் கடும் குளிரிலும் 5, 6 கிலோவாட் போதும். பெரிய பம்ப் வைத்தால், மிதமான குளிரில் அது அடிக்கடி நின்று நின்று ஓடித் திறனை இழக்கும்.

தண்ணீர் 45 டிகிரியில் போய் 40இல் திரும்பினால், கேட்டலாக்கில் 1,000 வாட் என்றிருக்கும் ரேடியேட்டர் 20 டிகிரி அறைக்கு 350 வாட்தான் தரும். ஒற்றைத் தகடு இருக்கும் இடத்தில் அதே நீளத்துக்கு இரட்டைத் தகடு மாட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். குழாய்தான் தொல்லை. போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் வெறும் 5 டிகிரி என்பதால் நிறையத் தண்ணீர் ஓட வேண்டும். 8 மில்லிமீட்டர் செம்புக் குழாய் பல இடங்களில் தாங்காது.

மானியத்துக்கு ஒப்பந்ததாரர்தான் எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம்முக்கு விண்ணப்பிப்பார். ஒப்புதல் கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். வவுச்சர் 3 மாதம் செல்லும், தொகை பில்லிலேயே கழியும்.

வெளி யூனிட் ஆர்290 வாயுவில் (தீப்பற்றக்கூடிய புரொப்பேன்) ஓடுவதானால் கதவு, ஜன்னல், சாக்கடை வாய் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். பனி உருகி வடியும் தண்ணீர் ஜல்லிக் குழிக்குள் போகட்டும். நடைபாதையில் விட்டால் காலையில் கண்ணாடியாய் உறைந்திருக்கும்.

கடைசியாக, பொருத்தியவர் 55 டிகிரி என்று நிலையாக வைத்துவிட்டுப் போவதுதான் பணம் ஒழுகும் முதல் ஓட்டை. வெளிக் குளிருக்கேற்பத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்து, வீடு குளிர ஆரம்பிக்கும் இடத்திலிருந்து ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். குளியல் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சிலிண்டருக்கு 48 டிகிரி போதும். லெஜியனெல்லா கிருமிக்காக வாரம் ஒருமுறை 60. ஜனவரி முடிந்ததும் தந்த சூட்டைத் தின்ற மின்சாரத்தால் வகுத்துப் பாருங்கள். 3க்குக் கீழே இருந்தால் ஒப்பந்ததாரரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.