கோழி எரு புளிக்காமல் மண்புழுவுக்குப் போடாதீங்க

மண்புழு உரத் தொட்டியில் கோழி எரு போட்டதும் புழு செத்துப்போச்சு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சூட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். சூடும் கொல்லும். ஆனால் அதைவிட மோசம் அம்மோனியாவும் உப்பும். கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கும். மண்புழு தோலால் மூச்சு விடுவது. நம் கண்ணையே எரிக்கும் அந்தக் காற்றை அதனால் தாங்க முடியாது. அதனால்தான் எருவைக் காய்ந்த கழிவோடு குவித்து முதலில் புளிக்க வைக்க வேண்டும், அதாவது சூடேறி மக்க விட வேண்டும்.

பிராய்லர் ஷெட் எருவில் தும்புத்தூளோ (தென்னை நார்த்தூள்) மரத்தூளோ முன்பே கலந்திருக்கும். அதனால் ஒரு கூடை எருவுக்கு ஒரு கூடை காய்ந்த கழிவு போதும். முட்டைக்கோழி எரு என்றால் ஒன்றுக்கு மூன்று. காய்ந்த கழிவுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமே இல்லை: வாழைச்சருகு, நறுக்கிய வாழைமட்டை, தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு மட்டும் போட்டால் மக்க நாளாகும். பாதியாவது வாழைச்சருகு இருக்கட்டும். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். எரு வாங்கும்போது, ஷெட்டில் ஈ மருந்தோ கிருமிநாசினியோ அடித்த பிறகு அள்ளியதா என்று கேட்டுவிடுங்கள். அடித்திருந்தால் வாங்க வேண்டாம்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடு ஏறாது. அடுக்கும்போதே இரண்டு கூடை பச்சைச் சாணத்தைக் கரைத்துத் தெளிக்கலாம். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்; காற்றில்லாமல் அழுகும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிற ஊர் இது, தார்ப்பாய் இல்லாமல் குவியல் போடவே கூடாது. டிரம்மில் அடைத்துப் புளிக்க வைப்பதும் சரிவராது. அம்மோனியா உள்ளேயே தங்கிவிடும்.

மூன்று நான்கு நாளில் இரும்புக் கம்பியை நடுவில் செருகி எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். 7, 14, 21-ஆம் நாட்களில் வெளியே இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். புரட்டியும் சூடு ஏறாமல், மண் வாசனை வரும்போதுதான் புளிப்பு முடிந்தது. நாலு வாரத்துக்குக் குறைந்து முடிவதை எதிர்பார்க்காதீர்கள். நாற்றம் அடங்க வேண்டும் என்று சுண்ணாம்பு தூவுவது பெரிய தவறு. காரத்தன்மை ஏற ஏற அம்மோனியா அதிகமாகக் கிளம்பும், தழைச்சத்தும் காற்றோடு போகும்.

பிறகு நிழலில் மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் விட்டு ஒரு தடவை அலசி வடிய விடுங்கள். உப்பு இறங்கும். வடியும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கு விடலாம்.

இதற்குப் பிறகும் நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு சட்டியில் இரண்டு கைப்பிடி எரு, 20 புழு, மேலே ஈரத்துணி. மறுநாள் திறந்து பாருங்கள். எல்லாம் உள்ளே புகுந்து தலை நீட்டாமல் இருந்தால் சரி. விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தால் அம்மோனியா இன்னும் போகவில்லை. உடல் மணி கோத்த மாதிரி இடையிடையே வீங்கிக் கிடந்தால் உணவின் சத்து அதிகம். இரண்டிலும் இன்னும் ஒரு வாரம், சருகு கலந்து புரட்ட வேண்டும்.

ஒரு மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளத் தொட்டிக்கு 3 கிலோ புழு போதும். அடியில் ஊறவைத்த கதம்பல் (தேங்காய் மட்டை), அதன்மேல் பழைய சாணமும் சருகும் ஒரு சாண் உயரம். இதுதான் புழுவுக்கு வீடு. கோழி எருவை அதன்மேல் இரண்டு அங்குலம், அதுவும் தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் போடுங்கள். பிடிக்காவிட்டால் மறுபாதிக்கு ஓடிப் பிழைத்துக்கொள்ளும். போட்டது குருணையான பிறகே அடுத்த அடுக்கு. யூட்ரிலஸ் வகை மண்புழு சீக்கிரம் வளரும், ஆனால் மழை இரவுகளில் கூட்டமாக வெளியேறிவிடும். கூரை ஒழுகும் ஷெட்டுக்கு ஐசீனியா வகைப் புழுதான் நல்லது. எறும்பு வராமல் சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால் வேண்டும்.

45 முதல் 60 நாளில் உரம் ஆகிவிடும். அள்ளுவதற்கு நாலு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழு அடியில் இறங்கும். மேலிருந்து கையால் வழித்து எடுங்கள். மண்வெட்டி போட்டால் புழு அறுபடும்.