அப்பாவின் பெருந்தமனி: எந்தச் சிகிச்சை?

மார்ச் 3
சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய குழாய்தான் பெருந்தமனி; அப்பாவுக்கு அது வயிற்றுப் பகுதியில் 5.8 செ.மீ. வரை வீங்கியிருக்கிறது. இயல்பான அளவு சுமார் 2 செ.மீ. வலியே இல்லை. ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆகிவிட்டால் சிகிச்சையைப் பற்றி யோசித்தாக வேண்டும் என்றார் டாக்டர். வெடித்துவிட்டால் பலர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள்.

மார்ச் 6
டாக்டர் இரண்டு முறைகளையும் படம் வரைந்து காட்டினார்.

திறந்த அறுவைச் சிகிச்சையில், நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை வயிற்றைத் திறப்பார்கள். குடலை ஒருபுறம் ஒதுக்கி, சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியில் கிளாம்ப் (இடுக்கி) போட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். வீங்கிய பையைப் பிளந்து, டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயை உள்ளே வைத்துத் தைத்து, பழைய சுவரையே அதன்மேல் போர்த்தி மூடுவார்கள். கிளாம்பை எடுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று சரியுமாம். கேட்கவே எனக்கு வயிறு கலங்கியது.

இன்னொன்றில் வயிற்றைத் திறப்பதில்லை. தொடை இடுக்கு வழியாகச் சுருக்கிய ஸ்டென்ட் கிராஃப்டை (உலோகக் கம்பி வலை தாங்கும் துணிக்குழாய்) ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி உள்ளே விரிப்பார்கள். 1990இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் செய்து காட்டிய பிறகு உலகெங்கும் பரவிய முறை.

மார்ச் 9
"ஸ்டென்ட் வைத்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்றால் அப்புறம் என்ன யோசனை?" என்கிறார் அண்ணன். இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பிரிட்டனின் ஈவார் 1 ஆய்வை அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் 30 நாளில் இறந்தவர்கள் திறந்த முறையில் 4.7 சதவீதம், ஸ்டென்ட் முறையில் 1.7. அண்ணன் சொல்வதற்குச் சாதகமான கணக்குதான். ஆனால் அதே நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 8 ஆண்டுகளுக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களிடையேதான் இறப்பு அதிகம். பைக்குள் மறுபடி ரத்தம் கசிந்து வெடித்தது அதற்கு ஒரு காரணம். அவை பழைய கருவிகள் என்பது உண்மை. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது இன்றும் மாறவில்லை.

மார்ச் 12
அப்பாவுக்கு வயது 66. இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் நன்றாக இருக்கின்றன. ஸ்டென்டைப் பிடித்து நிறுத்தத் தேவையான அளவு வீக்கத்துக்கு மேலே நல்ல தமனியும் இருக்கிறது. ஆக இரண்டு வழியும் திறந்தே இருந்தன. எண்பதைக் கடந்த, இதயம் பலவீனமான ஒருவருக்கென்றால் தயங்காமல் ஸ்டென்ட் என்றிருப்பேன். அப்பாவுக்கு முன்னால் இன்னும் நிறைய ஆண்டுகள் இருக்கின்றன. "கஷ்டத்தை முதலிலேயே பட்டுவிடுகிறேன்" என்று திறந்த முறையை அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

மார்ச் 19
அறுவைச் சிகிச்சை முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். குடல் இன்னும் அசையத் தொடங்கவில்லை, மூக்கில் குழாய். இருமும்போது தையலின் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.

மார்ச் 27
வீட்டுக்கு வந்துவிட்டார். தையல் போட்ட இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் வரலாம் என்பதால் சில வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது. இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது, புகைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம் என்று டாக்டர் எச்சரித்தார். அண்ணன் புகைப்பவர். வியாழக்கிழமை அவருக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க நேரம் வாங்கிவிட்டேன். வர மறுத்தால் வீட்டுக்கே போய் அழைத்து வருவேன்.